தண்ணீர் பிடிப்பதை மகள் விளக்கி எழுதினாள்

நான் ஐந்தாவது வரை படித்தவள், அதுவும் தமிழில். மகள் மூன்றாவது படிக்கிறாள், இந்தியில். எனக்கு இந்தி பேச வரும். வாசிக்க வராது.

அந்தமானில் இருக்கிறோம். பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் படகில் சாத்தம் போய், அந்தப் பக்கம் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவுகிறேன். வீட்டுக்காரருக்கு லாங் ஐலண்ட் தீவில் வேலை. எப்போதாவதுதான் வருவார். பள்ளி விட்டதும் மகள் பக்கத்து வீட்டுத் தீதியிடம் இருப்பாள். தீதி என்றால் அக்கா; வங்காளத்துக்காரர். வீட்டில் அவரும் புருஷனும்தான். நான் வரும்வரை சோறு போட்டு, தலை வாரிவிட்டு வைத்திருப்பார். எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். அவர் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

வெயில் காலத்தில் ஒரு நாள் டீச்சர் எழுதி வரச் சொன்னார். வீட்டில் செய்யும் ஒரு வேலையை, முதலில் என்ன, அப்புறம் என்ன, ஏன் அப்படி என்று விளக்க வேண்டும். மகள் தண்ணீர் பிடிப்பதை எழுதுகிறேன் என்றாள். எங்கள் தெருக் குழாயில் அப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர்.

“மொத நாள் சாயங்காலமே குடத்தை வரிசையில வைக்கணும்.”

“ஏம்மா?”

“வச்சாதான் நம்பர்.”

“உள்ள கல்லு ஏன்?”

“காத்துல உருண்டுரும். உருண்டா இடம் போச்சு.”

“அப்புறம்?”

“நீதான் கூட வர்றியே. பாத்ததை எழுது. ஒண்ணையும் விடாத, மார்க் குறைப்பாங்க.”

ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எனக்குப் பெருமை. காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் ‘வெரி குட்’ போட்டுக் கொடுத்தார். மகள் அன்றைக்கே நோட்டைத் தீதியிடம் காட்டியிருக்கிறாள். வாசி என்றதும் நின்று சத்தமாக வாசித்திருக்கிறாள். அதில் இப்படி இருந்தது:

தண்ணீர் வருகிற அன்று விடியும் முன்னே அம்மா போய், தீதியின் குடத்தை நாலு குடம் பின்னால் நகர்த்திவிட்டு எங்கள் குடத்தை அங்கே வைப்பாள். ஏனென்றால் தீதி யாரோடும் சண்டைக்கு வர மாட்டார்.

அந்தக் காரணம் நான் சொன்னதல்ல. பார்த்தே பிடித்திருக்கிறாள். யாரோ குடத்தை நகர்த்துகிறார்கள் என்று தீதி என்னிடமே வந்து புலம்பியதுண்டு. நானும் ‘யாரது’ என்று கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் நான் போனபோது தீதி மகளின் பள்ளிப் பையை வாசலில் வைத்திருந்தார். எப்போதும்போல இந்தியில்தான் பேசினார்.

“கேட்டிருந்தா நானே இடம் விட்டிருப்பேன். என் முறை வர்றதுக்குள்ள குழாய் நின்னுரும். இந்த வெயில் காலம் பூரா உப்புக் கிணத்துத் தண்ணியில சமைச்சேன். நாளையிலேர்ந்து இவளை அனுப்பாதே.”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

வீட்டுக்குள் வந்து மகளை அடித்தேன். “நீதானம்மா ஒண்ணையும் விடாதன்ன?” என்றாள். அதற்கும் ஒன்று வைத்தேன்.

இப்போது பள்ளி விட்டதும் அவளே பூட்டைத் திறந்து பையை வைத்துவிட்டுப் படகு ஜெட்டிக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் தனியாக இருக்கப் பயம். நான் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

டிக்கெட் கொடுப்பவர், “அரே அக்கா, இந்தக் குட்டியை ஜெட்டி டூட்டியில போட்டுரலாமா?” என்பார். சிரித்து வைப்பேன்.

நேற்று நான் இறங்கியதும் மகள் சொன்னாள், “தீதி வீட்ல மீன் பொரிச்சாங்கம்மா. கதவைச் சாத்திட்டுப் பொரிச்சாங்க.”

“நட” என்றேன்.