எட்டில் திருடிய மூச்சு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இன்றைக்கும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் என் பேச்சை யாராவது எடுத்தால் போதும், "அவளா? அவ காலு தரையில நிக்காது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்ட என்னை இருபது வயதில் ஒரு காய்ச்சல் கட்டிலில் கிடத்தியது.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, தானாகவே போய், ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் குழாயடியில் நின்றபோது பாதம் இரண்டிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. தட்டிவிட்டேன், எறும்பைக் காணோம். மறுநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்தேன். அதற்கு அடுத்த நாள் குந்தி உட்கார்ந்து துணி துவைத்தவள் எழுந்திருக்க முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி, "சயனைட் மேட்டுத் தூசிதான், வேற இன்னா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் கால் சுளுக்கினாலும் பழி, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிவைத்த அந்த மண்மேட்டின் மேல்தான் விழும்.

நைனா ஷிப்டு முடிந்து வந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சுரங்கத்தில் பாறையில் துளை போடும் மிஷின் பிடிக்கிற வேலை அவருக்கு. என்னைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, கால்கள் சக்கரத்தில் சிக்காமல் துண்டால் கட்டி, சுரங்கக் கம்பெனியின் கேம்ப் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மேட்டில் அடிக்கடி நின்று குனிந்து சங்கிலியைப் பார்த்தார். "சங்கிலி நல்லாத்தான் இருக்கு நைனா, சீக்கிரம் போங்க" என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தே நின்றுவிட்டுத்தான் தள்ளினார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மைசூர்ப் பக்கம். தமிழை நோயாளிகளிடமே கற்றுக்கொண்டு அவர்களைப் போலவே பேசுவார். ஒரு ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் கொஞ்சம்கூட உதறவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். அது என் கால் இல்லை, கடையில் தொங்கும் ஆட்டுத்தொடை என்பது போலக் கிடந்தது.

"நரம்பு அறுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நரம்பு நல்லா இருக்கு. மேல இருக்கிற உறைதான் உரியுது."

நான் விடவில்லை. என்ன உறை, ஏன் உரிகிறது, உரிந்தால் ஏன் கால் வராது என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் சலித்துக்கொள்ளாமல் என் கையை நீட்டச் சொன்னார். நரம்பு ஒவ்வொன்றும் மெல்லிய இழை. அதைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை, பாய் சுருட்டினது மாதிரி அடுக்கு அடுக்காகச் சுற்றியிருக்கிறது. ஆனால் அந்த உறை முழு நீளத்துக்கும் ஒரே உறை இல்லை, நடுநடுவே துளி இடைவெளி விட்டு விட்டு வருகிறது என்றார். பிறகு என் தோளில் விரலை வைத்தார். அடுத்து முழங்கைக்கு மேலே, அப்புறம் கீழே, அப்புறம் மணிக்கட்டில். "இங்க, இங்க, இங்க, இங்க. மூளையிலேர்ந்து கெளம்புற சேதி இழை முழுக்க ஊர்ந்துட்டுப் போகாது. உறை இருக்கிற எடத்துல மின்சாரம் வெளிய கசியாது. அதனால இடைவெளிக்கு இடைவெளி தாவும். ஒவ்வொரு இடைவெளியிலயும் புது பலம் எடுத்துக்கிட்டு அடுத்ததுக்குத் தாவும். உறையே இல்லாத மெல்லிய நரம்புல ஒரு வினாடிக்கு ஒரு மீட்டர் போகறதே பெருசு. தடிச்ச உறை இருந்தா நூறு மீட்டர்கூடப் போகும்."

அது எனக்கு உடனே புரிந்துவிட்டது. பேத்தமங்களா ஏரிக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனால், நான் வாய்க்காலை நடந்து கடந்ததே இல்லை, கல்லுக்குக் கல் தாவித்தான் போவேன். எனக்குள்ளேயும் சேதி அப்படித்தான் போகிறது என்று கேட்டதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்த நிலைமையிலும் வந்தது, அதுதான் வேடிக்கை.

"இப்ப உறை உரிஞ்ச எடத்துல மின்சாரம் கசிஞ்சிடுது. அடுத்த இடைவெளிக்கு எட்டல. சேதி பாதியிலயே செத்துப்போகுது. காய்ச்சல எதிர்க்கக் கெளம்பின உன் ஒடம்பே ஆள் மாறிப்போய் இந்த உறையக் கடிக்குது. உறை திரும்ப வளரும். ஆனா மாசக்கணக்காகும்."

நோயின் பெயரைச் சொன்னார், வாயில் நுழையவில்லை. மாசக்கணக்கு என்றது மட்டும் நுழைந்தது. படுத்தே கிடக்கவேண்டும் என்றதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கடைசியாகத்தான் முக்கியமானதைச் சொன்னார். இது காலில் ஆரம்பித்து மேலே ஏறும். சிலருக்கு இடுப்போடு நின்றுவிடும். சிலருக்கு மார்புவரை வரும். மூச்சு இழுக்கும் தசைக்கும் நரம்பு வழியாகத்தான் உத்தரவு போகவேண்டும். அதனால் தினமும் காலையும் மாலையும் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, அந்த ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பார். அன்று நான் நாற்பதைத் தாண்டினேன். "இது இருபதுக்குக் கீழ போச்சுன்னா உடனே வேலூருக்கு அனுப்பணும். அங்க மூச்சு விடற மிஷின் இருக்கு, இங்க இல்ல" என்றார். நைனா கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் லைன் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சுரங்கத்துக்குள் வேலை செய்பவர்களுக்கு அவ்வப்போது மார்புப் பரிசோதனை உண்டு. எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். படத்தில் கொஞ்சம் தூசி எல்லாருக்கும்தான் தெரியும். ஆளைக் கீழே அனுப்பலாமா கூடாதா என்பது கடைசியில் மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்பதில்தான் நிற்கும். ஸ்டூலில் ஏறி இறங்கச் சொல்வார்கள், ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். தாங்கவில்லை என்றால் சுரங்கத்துக்கு வெளியே மேல்வேலைக்கு மாற்றிவிடுவார்கள் அல்லது கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். மேல்வேலைக்குக் கூலி குறைவு; அனுப்பிவிட்டாலோ லைன் வீடும் போய்விடும். அதனால் பரிசோதனைக்கு முந்தின வாரம் லைனில் ஆம்பளைகள் எல்லாரும் ஒத்திகை பார்ப்பார்கள். மூச்சைத் திருடுவது என்று அதற்குப் பெயர். "எட்டு" என்று சொல்லும்போது நடுவில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா, அந்தச் சந்தில் மூக்கு வழியாக ஒரு துளி இழுத்துக்கொள்ளவேண்டும். தோள் ஏறக்கூடாது. மூக்கு விடைக்கக்கூடாது. பத்திலும் இழுக்கலாம். இருபதைத் தாண்டிவிட்டால் இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு என்று எல்லாவற்றிலும் இடம் உண்டு. நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து விளையாட்டாகச் செய்து காட்டி அடி வாங்கியிருக்கிறோம்.

மறுநாள் சாயங்காலம் நைனா தூக்குப் பாத்திரத்தில் காபியோடு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"இன்னிக்கு எவ்ளோ வந்துச்சி?"

"முப்பத்தஞ்சு."

"கொறையுது பாரு. கொறஞ்சா அனுப்பிடுவாங்க."

"வேலூருக்குத்தான நைனா, வைத்தியத்துக்கு."

"எங்க அனுப்பினா இன்னா? அனுப்பறதுன்னா அனுப்பறதுதான். போனவங்க யாரு திரும்பி வந்தாங்க சொல்லு? எட்டுல ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு. வயித்துமேல நான் கை வெக்கிறேன், தோளு ஏறாம இழு."

படித்தவள் நான். டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனாலும் எண்ணச் சொன்னால் ஏமாற்றித் தேறவேண்டும் என்பது எங்கள் வீட்டில் பல் தேய்ப்பது மாதிரி. தவிர, வேலூர் மிஷின் ஓர் இரும்புப் பெட்டி, ஆளைக் கழுத்துவரை உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். எனக்கு அது போதும். அசையாமல் கிடப்பதே கொடுமை, இதில் பெட்டிக்குள் வேறா? அடுத்த வேளை எட்டில் திருடினேன். நாற்பது வந்தது. டாக்டர் முகம் மலர்ந்தது. நைனா கால்மாட்டில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார், கூரையில் ஏதோ வேலை இருப்பவர் போல.

அப்படியே நாலைந்து நாள் ஓடியது. ஓடியது என்று சொல்வதே தப்பு. எதுவும் ஓடவில்லை. கன்னத்தில் ஈ உட்காரும். கையை ஓங்கவேண்டும் என்று நினைப்பேன். அந்த நினைப்பு தோளைத் தாண்டாது. ஈ நிதானமாகக் கண்ணோரம் வரை நடந்து போகும். புரட்டிப் போடு, ஜன்னலைத் திற, மூடு, தலையணையை மாற்று என்று அம்மாவை ஒரு நிமிஷம் உட்கார விடமாட்டேன். உடம்பு நின்றுபோனால் மனசும் கொஞ்சம் அடங்கும் என்பார்கள், சுத்தப் பொய். உடம்பு செய்யாத ஆட்டத்தையெல்லாம் சேர்த்து மனசு ஆடியது. முதுகில் பாளம் பாளமாக வலி. காபி தொண்டையில் இறங்காமல் மூக்கில் ஏறியது. குரல் சன்னமாகிவிட்டது. நான் பயந்தேன். பயத்தில் இன்னும் கெட்டியாகத் திருடினேன்.

அன்று நைனா காலை ஷிப்டு முடித்து, குளித்து, தலை ஈரத்தோடு வந்து நின்றார். டாக்டரும் அந்நேரம் வந்தார். "எங்க, எண்ணு" என்றார். ஆரம்பித்தேன். நைனா வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார். எட்டில் எடுத்தேன். பத்தில் எடுத்தேன். பதினெட்டில் எடுத்தேன். இருபதுக்குமேல் ஒவ்வொன்றிலும் எடுத்தேன். நைனாவின் கண் கூரையிலிருந்து இறங்கி என் கழுத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. ஒரு தடவை திருடுகிறவன் தேறிவிடுவான், வரிசையாகத் திருடுகிறவன் அடுத்த மழைக்காலம் பார்க்கமாட்டான் என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களோடு அவர் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் ஒரே கேஜில் இறங்கியிருக்கிறார், அவர்களைத் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறார்.

"டாக்டர், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். "இந்தக் கணக்கு பொய்யி. பொண்ணு மூச்சைத் திருடுது."

டாக்டருக்குப் புரியவில்லை. நைனா எட்டையும் பத்தையும் நாக்கையும் மூக்கையும் விளக்கிச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோன்னு நாந்தான் சொன்னேன். இப்ப எண்ணுக்கு எண்ணு எடுக்குது. உள்ள ஒண்ணும் இல்ல டாக்டர், உள்ள ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

அந்தக் கேள்வி விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நைனாவைச் சோதிக்கிறதும் இதே ஆஸ்பத்திரிதான், இதே டாக்டர்தான். யாரோ சொல்லக் கேட்டேன் என்று சொல்லு நைனா, டீக்கடையில் கேட்டேன் என்று சொல்லு, என்று மனசு அலறியது. எல்லாருக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் நான். வாயைத் திறந்தேன். எண்ணி ஓய்ந்த நெஞ்சிலிருந்து காற்று வரவில்லை.

"எனக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் நைனா. "நாலு வருசமா நான் பாஸ் ஆவறதே அப்படித்தான்."

டாக்டர் உடனே என் மூக்கை இரண்டு விரலால் மூடிக்கொண்டு திரும்ப எண்ணச் சொன்னார். பதினேழில் நின்றுவிட்டேன். "ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்று நர்ஸிடம் கத்தினார்.

பிறகு நடந்தது எல்லாம் நடந்தது. வேலூர்ச் சாலையில் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தெரிந்தது. போன அன்றே மூச்சு நின்றுபோய்த் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். பெட்டியெல்லாம் இல்லை, ஒரு குழாயும் ஒரு மிஷினும்தான். அன்று சாயங்காலம் நான் கேம்ப் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் செத்திருப்பேன் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். மெதுமெதுவாக உறை வளர்ந்தது. முதலில் மூச்சு வந்தது, பிறகு கை, கடைசியாகக் கால். வீடு திரும்ப ஐந்து மாதம். நைனா அதற்குப்பின் ஒரு நாளும் கீழே இறங்கவில்லை. விளக்கு அறையில், கீழே இறங்கும் மற்றவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கூலி பாதியானது. என்மேல் அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை; அதற்காகவே எத்தனையோ நாள் அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்திருக்கிறது.

ஆனால் என்னால் தாண்டிப்போக முடியாதது ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். டாக்டர் நைனாவிடம் திரும்பினார். கோபமாக இல்லை, களைத்துப்போய்த்தான் கேட்டார்.

"நீங்களும் ஒரு தடவ எண்ணுங்க. நெஜமா."

எனக்குத் தலையைத் திருப்ப முடியாது. கண்ணோரத்தில் நைனாவின் கை மட்டும் தெரிந்தது. யாரும் சொல்லாமலே தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டார். மூக்கடைத்த குரலில் ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தார். வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். எட்டில் தடுமாறினார். தாண்டினார். பத்து வந்தது. பன்னிரண்டைச் சொன்னபோது குரல் வெறும் காற்றாக இருந்தது. பதினாலில் நின்றுவிட்டார்.

பதினேழுவரை எண்ணின என்னைத் தூக்கிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பதினாலுவரை எண்ணினவர் அன்று காலையிலும் கேஜில் இறங்கி, மிஷின் பிடித்து, முழு ஷிப்டு பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.