மூச்சு விடும் ரோபோவும் படப்பை ஷேர் ஆட்டோவும்

போன வாரம் என் பை மூச்சு விட்டது. நம்ப மாட்டீர்கள்... ஒரு ஷேர் ஆட்டோவே சாட்சி!

மூன்று மாதம் முன்பு, சிறுசேரியில் என் ஆபீஸ் லிஃப்டில் முக்கால் மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நெருக்கமான இடம் என்றாலே படபடப்பு, வியர்வை. பஸ், ரயில் எதிலும் ஏறுவதில்லை.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு கவுன்சலரிடம் போனேன். அந்த அம்மா ஒரு சாஃப்ட் ரோபோவைக் கையில் கொடுத்தார். ரோபோ என்றால் இரும்புக் கை, இரும்புக் கால் என்றுதானே நினைப்போம்? இது பூனைக்குட்டி சைஸில் மெத்தென்ற ரப்பர் உருண்டை. மெதுவாக உப்பும், அடங்கும். கட்டிக்கொண்டு நாமும் அதே வேகத்தில் மூச்சு விட வேண்டும்.

"இன்னிக்கு ஷேர் ஆட்டோல வீட்டுக்குப் போங்க சார். படபடப்பு வந்தா இதைப் பிடிச்சுக்குங்க."

முடிச்சூர் வருவதற்குள் படபடப்பு வந்துவிட்டது. பைக்குள் கை விட்டு ரோபோவின் சுவிட்சைப் போட்டேன். பை உப்பியது... அடங்கியது.

பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அக்கா அலறினார். "யோவ், வண்டிய நிறுத்து! இவரு பைக்குள்ள இன்னாவோ உசுரோட கீது!"

டிரைவர் பிரேக் அடித்தார். "குழந்தையா, நாயா? உண்மைய சொல்லிடு சார்!"

எடுத்துக் காட்டினேன். லிஃப்ட், பயம், கவுன்சலர் — எல்லாவற்றையும் நடுரோட்டில் ஒப்பித்தேன். மனைவியிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை.

அக்கா சந்தேகத்தோடு அதை வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அது உப்பி அடங்க, அவரும் கூடவே மூச்சு விட்டார்.

"எம்பொண்ண கட்டிக் குடுத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல சார். அவ சின்னப்புள்ளையா மேல படுத்துக்கினு இருந்தாப்பல கீது." கண் கலங்கியிருந்தது.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "எனுக்குந்தான் பேஜாரா கீது. இங்க குடுக்கா!"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் ரோபோவை அணைத்தபடி தலையை வெளியே நீட்டினார். "இருப்பா, மூச்சு வுட்டுகினு கீறேன்!"

அதற்குள் பின்சீட்டில் "அடுத்து நான்" என்று தகராறு. என் பயத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேனே... இங்கே ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள்!

படப்பையில் இறங்கும்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் ஆறு பேருக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கிறேன். படபடப்பு? காணோம்.

இந்த வாரம் கவுன்சலர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "ஆட்டோல எத்தனை தடவை பயிற்சி பண்ணீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல மேடம். எனக்கு டர்னே வரல!"