அத்தையை அண்ணன் அழைத்த விதம்

அந்த யோசனை எனக்கு வந்த இடம் ஜெயங்கொண்டத்தில் எங்கள் தெருமுனை மளிகைக் கடை. எனக்கு அப்போது ஆறு வயது, அண்ணனுக்கு ஒன்பது. அம்மா பாமாயில் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அண்ணன் 'பா'விலேயே நின்றுவிட்டான். கடைக்காரர் பாசிப்பயறைக் காட்டினார், பாக்குப் பொட்டலத்தை எடுத்தார், பாதாம் பவுடரைக்கூட நீட்டிப் பார்த்தார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எம்பிக் குதித்துக் கத்தினேன்: "பாமாயில் ஒரு லிட்டரு!" அவ்வளவுதான், வேலை முடிந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அண்ணனுக்கு வார்த்தை வருவது சிரமம். எனக்கோ, வாயில் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன் என்று வகுப்பு டீச்சர் மிரட்டும் அளவுக்குப் பேச்சு. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு வாய் போதாதா?

அன்று முதல் அண்ணன் ஓர் எழுத்தை எடுத்துக் கொடுப்பான், மிச்சத்தை நான் முடிப்பேன். அவன் 'இ' என்றால் நான் "இட்லி போதுமாம்" என்பேன். அவன் இன்னொன்று கேட்க வந்திருப்பான் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்று வருடம் அண்ணன் நான் சொன்னதைச் சாப்பிட்டான், நான் சொன்ன கலரில் சட்டை போட்டான், விளையாட்டு சார் கேட்டபோது நான் சொன்ன ஆட்டத்தில் சேர்ந்தான். அது கபடி. அவனோ ஓணான் மாதிரி ஒல்லி.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினார்கள். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தார்கள். மிச்சத் தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று நான் குடித்தேன். அதற்குப் பிறகு என் பேச்சு இன்னும் கூடிவிட்டதாக அப்பா கடைசிவரை நம்பினார். எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் மாவட்டத்துக்குப் போய், மறுபடி பெரம்பலூருக்கே திரும்பி வந்திருந்த சமயம் அது. அரசாங்கத்துக்கே ஒரு வார்த்தையை முடிக்க இவ்வளவு திக்கல் இருக்கும்போது என் பிள்ளையைச் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்பா ஆபீசில் பேசிவிட்டு வருவார்.

அப்போதுதான் ஒரு புது டீச்சர் வந்தார். பேச்சு, காது சம்பந்தமான சிரமம் உள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஸ்கூட்டியில் சுற்றுபவர். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன கிளாஸ்ப்பா படிக்கிற?"

"ஏழாவது பி" என்றேன்.

"என்ன புடிக்கும் உனக்கு?"

"கபடி" என்றேன்.

டீச்சர் மெல்ல என் பக்கம் திரும்பினார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "திக்குறது அவன் தப்பும் இல்லைங்க, உங்க தப்பும் இல்லைங்க. ஆனா பேசறதுக்கு எடம் வேணும்ல? இந்த வூட்டுல அவனுக்கு எடமே காணுமே."

விதிகள் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் ஆரம்பித்ததை வேறு யாரும் முடிக்கக் கூடாது. மெதுவாகப் பேசு, மூச்சை இழு என்றெல்லாம் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை என்றால் மனதுக்குள் எண்ணிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு மனதுக்குள் எண்ண வராது, விரலை மடக்கித்தான் எண்ணுவார். அவரைப் பார்த்து அம்மாவும் மடக்கினாள், நானும் மடக்கினேன். அண்ணன் சட்னி கேட்க வாயெடுத்தால் போதும், குடும்பமே விரல் மடக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மந்திரம்க்கா இது? எங்கூட்டுக்காரருக்கும் வேல அமையல, எனக்கும் சொல்லுங்களேன்" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதம்தான், பிறந்து ஒரு வருடமாகியிருந்த எங்கள் குட்டித் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். வரதராஜன்பேட்டை பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கும் அத்தை, அப்பாவின் ஒரே அக்கா, சேதி அனுப்பிவிட்டாள்: "பத்திரிகை வந்துச்சு. எவனும் வாயால கூப்புடலையே!" அப்பா போனபோது அத்தை காட்டில் இருந்திருக்கிறாள். இவர் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அக்கா இல்லாமல் காதுகுத்து இல்லை என்கிறார். திரும்பப் போய் நிற்கவும் ரோஷம் விடவில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நா... நா... நா..." என்று அண்ணன் ஆரம்பித்தான். எல்லோரும் விரலை மடக்கினோம். பழைய நாளாக இருந்தால் "நான் வரலைங்கறான்" என்று நானே முடித்திருப்பேன். எட்டாவது விரலில் அவன் முடித்தான்: "நான் போய்க் கூப்புடறேன்."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு வாசலுக்குப் போனார்.

துணைக்கு நானும் போனேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகு. என் சத்தியத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு கமர்கட்டை ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன.

அத்தை வாசலில் உட்கார்ந்து சுட்ட முந்திரிக்கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரி, சாம்பல், கொட்டையிலிருந்து வழியும் எண்ணெய். சாம்பல் பூசாத தோலில் அது பட்டால் வெந்துவிடும். சுற்றிலும் நாலைந்து பெண்கள்.

"வாங்க தொரைங்களா! உங்கப்பன் வரமாட்டானாமா?"

அண்ணன் வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டினான். "அ... அ... அ..."

"அத்ததான், அதுக்கென்ன?"

"ஞா... ஞா..."

"ஞாயித்துக்கெழமையா? காதுகுத்தா? அதான் பத்திரிகையிலயே போட்டுருக்கே. தட்ட வச்சுட்டுப் போங்க, பாப்பம்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் பிடித்திருந்த தட்டில் வெற்றிலை சரிந்தது. என் வாயோ திறக்கவில்லை. வேறு வழி தெரியாமல் ஓடிப்போய் அத்தையின் வாயை இரண்டு கையாலும் பொத்திவிட்டேன்.

அத்தை கண்ணை உருட்டினாள். ஆனால் என்னைத் தொட முடியாது. அந்த எண்ணெய் என் மேல் பட்டால் புண்ணாகிவிடும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, போலீசிடம் பிடிபட்டவள் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெண்களின் சிரிப்பு நின்றது.

அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தான். எத்தனை முறை நின்றானோ தெரியாது, என்னிடம் மடக்க விரல் இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடினான், திறந்தான், ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. "அத்த, ஞாயித்துக்கெழம தம்பிக்குக் காதுகுத்து. மாமாவக் கூட்டிக்கிட்டு மொத நாளே வந்துடணும். நீங்க வரலைன்னா நல்லாருக்காது."

நான் கையை எடுத்தேன். அத்தை தூக்கிய கையை இறக்கினாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "பாத்தியாடி? எந்தம்பி பத்திரிகையப் போட்டுட்டு ஓடுனான். அவன் புள்ள நின்னு கூப்புடறான். என் ஆயுசுக்கும் என்னை இவ்வளவு நேரம் நின்னு யாரு கூப்புட்டா?"

வெள்ளிக்கிழமையே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அத்தையை அழைத்துவிட்டு நாங்கள் திரும்பிய அன்று வீட்டில் அண்ணனுக்கு ராஜமரியாதை. அம்மா அவனுக்கு முட்டை பொரித்தாள். அப்பா அவனையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, விரலை மடக்காமல் கேட்டார். நான் மூலையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கமர்கட்டால் பல்வலி என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா கிராம்பு வைத்துவிட்டாள். பல்வலிதான் என்று நானும் நம்பினேன். மூன்று வருடமாகப் பார்த்துவந்த வேலை அன்றோடு போய்விட்டது என்பதோ, அது எனக்கு எவ்வளவு பிடித்த வேலை என்பதோ ஒன்பது வயதில் புரியவில்லை. அண்ணனுக்குத் திக்கல் போய்விட்டது என்றும் நினைத்துக்கொண்டேன். போகவில்லை, இன்றும் இருக்கிறது. திக்கிக்கொண்டேதான் போனில் என்னோடு சண்டை போடுகிறான்.

பேச்சுப் பயிற்சி படித்துவிட்டு இப்போது நான் அந்த டீச்சரின் வேலையைச் செய்கிறேன். போன வாரம் அரியலூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஐந்து வயதுப் பையன். அவனிடம் பேர் கேட்டேன், அவன் அக்கா சொன்னாள். வயசு கேட்டேன், அதையும் அவளே சொன்னாள். எட்டு வயது, கண்ணெல்லாம் பெருமை. சும்மா இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை ஒரு துணிப்பையோடு போகப் போகிறேன். உள்ளே இருப்பது தம்பிக்கு மட்டும் தெரியும். அக்கா அவனைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். தெரியாததை அவளால் முந்திச் சொல்லிவிட முடியாது, அவன் சொல்லும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். பையில் எதைப் போடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. எலுமிச்சம்பழம் கூடாது, வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். சாவிக்கொத்து ஆகாது, சத்தம் போடும். அவ்வளவு கெட்டிக்காரி அவள்.