பால் பொங்கும்போது மலரோடு ஓடியவன்

போன வாரம் பள்ளி ஆண்டு மலருக்குக் கவிதை எழுத உட்கார்ந்த நம் வீட்டுச் சின்னவள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, வேற ஒருத்தர் எழுதினதுல ரெண்டு வார்த்தைய மாத்திட்டா அது நம்மளுது ஆயிடும் இல்ல?" நானே அப்படி மாற்றியவன். அந்தக் கதையைப் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1991, ஆவணி மாதம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஸ்பிரிங் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் முந்தின வருடம் ஆயுத பூஜைக்குக் கரும்பலகையில் நாலு வரி பாட்டு எழுதிப் போட்டதிலிருந்து எல்லோரும் என்னைக் 'கவிஞரே' என்றுதான் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் திட்டும்போதுகூட, "கவிஞரே, கம்பி தீந்துபோச்சு, கனவு கண்டுகினு நிக்கிறியே" என்பார். திட்டு என்றாலும் எனக்கு இனிக்கும்.

பக்கத்து மெஷின் நண்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த நாளில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து வாழ்த்து மடல் அச்சடிப்பது வழக்கம். ரோஸ் காகிதம், சுற்றிலும் பூ பார்டர், நடுவில் கவிதை, அடியில் கூட்டாளிகளின் பெயர்கள். தாலி கட்டியதும் ஒருவர் மைக்கில் படிப்பார். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுப்பார்கள்.

"நீ இருக்கசொல்ல வேற எவன்டா எழுதுவான்?" என்றான் நண்பன். "பொண்ணு வூட்டுக்காரங்க வாயப் பொளக்கணும். என் மானம் ஒன் கையில கீது."

நான்கு நாள் உட்கார்ந்தேன். நிலவு வந்தது, தேன் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கவிஞர் பட்டம் கழன்று விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தபோது, டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய மடல் கிடைத்தது. முந்தின வருடம் குன்றத்தூரில் ஒரு கல்யாணத்தில் வாங்கி மடித்து வைத்தது. அதில் இரண்டு வரி:

'பால் பொங்கும்போது கூப்பிடும் குரலாய் ஒருவர் இருக்க,
கையில் துணியோடு ஓடிவரும் காலாய் மற்றவர் இருக்க.'

கேட்ட அன்றே மனசில் ஒட்டிக்கொண்ட வரிகள். அடியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பதினான்கு பேரின் பெயர் இருந்தது. எழுதியவர் இன்னார் என்று இல்லை. பெயர் இல்லாதது பொதுச் சொத்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'துணி' கவிதை மாதிரி இல்லை என்று பட்டதால் 'மலர்' என்று மாற்றினேன். முன்னும் பின்னும் நிலவையும் தேனையும் வைத்தேன். அடியில் 'ஆக்கம்' என்று போட்டு, என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகம். அங்கே எழுத்துக் கோர்க்கும் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவார். கல்யாணத்துக்கு இரண்டே நாள் என்பதால் நான் பக்கத்திலேயே நின்றேன். நிலவையும் தேனையும் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கோர்த்தவர், 'பால் பொங்கும்போது' வந்ததும் காகிதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கை தானாக ஓடியது. "கையில் துணியோடு" என்று முணுமுணுத்தார்.

"துணி இல்லம்மா, மலர்" என்றேன்.

ஓடிய கை நின்றது. "பால் பொங்கசொல்ல பூவ எடுத்துக்கினு ஓடி இன்னாண்ணா பண்ணுவ? கை வெந்துடாது?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் பிரண்டு கல்யாணத்துக்கு நான் எழுதினது இது. இங்கயேதான் அடிச்சோம். மடலோட அடியில பாக்கலியா நீ?"

அந்தப் பழைய மடல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. இதே மாதிரி பார்டர் வேண்டும் என்று காட்டுவதற்காக எடுத்துப் போயிருந்தேன்! பிரித்தேன். அடி ஓரத்தில், எறும்பு மாதிரி பொடி எழுத்தில், நான் நின்றுகொண்டிருந்த அச்சகத்தின் முகவரி.

"எழுதினவங்க பேரு இல்லியேம்மா..."

"மாப்ள வூட்டுப் பசங்க அவங்க பேரையே பதினாலு போட்டுகினாங்க. எனக்கு எடம் இல்லியாம். பேரு இல்லன்னா மரத்துலயா காய்ச்சுது? அவங்கனாச்சும் எழுதினோம்னு சொல்லல. நீ இம்மாம் பெருசா ஒன் பேரப் போட்டுகினியே!"

முகமெல்லாம் சுட்டது. "எடுத்துடும்மா" என்றேன். "அந்த வரி அவ்ளோ புடிச்சிப்போச்சு. ஒரு வருசமா மனசுலயே சுத்திகினு இருந்துது."

அவர் என் காகிதத்தை எடுத்து முழுசாக ஒருமுறை படித்தார். பிறகு, "புடிச்சிருந்தா வச்சுக்க. துணி துணியாவே இருக்கட்டும், கீழ என் பேரு வரணும். ஆனா இந்த நிலா, தேனு எல்லாத்தையும் தூக்கு. ஒனக்குத் தெரிஞ்சத எழுதிக் குடு, கோக்குறேன்" என்றார்.

காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். எனக்கு என்ன தெரியும்? தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நண்பன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடிவருவது தெரியும். எழுதினேன்:

'கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும் முன்னே
காலைச் சண்டை தீர்ந்துவிட,
டிபன் பாக்ஸிலே சமாதானம் போகட்டும்.'

படித்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இது சத்தியமா ஒன்னுதுதான். வேற எவனும் இப்டி எழுத மாட்டான்!" அது பாராட்டா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணத்தில் பால் வரிகளுக்குத்தான் கைதட்டல் அதிகம். மைக்கில் அச்சகப் பெண்ணின் பெயரும் சேர்ந்தே ஒலித்தது. என் வரிகளுக்குப் பந்தல் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "சமாதானம் நான் கட்டிக் குடுத்தாத்தான்டா போவும்!"

ஐப்பசியில் குன்றத்தூரில் இன்னொரு கல்யாணம். மாப்பிள்ளை வேறு கம்பெனி. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், மைக்கில் 'கம்பெனி பஸ் ஹாரன்' வருகிறது. முதலில் சந்தோஷத்தில் புரை ஏறியது. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன். "யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

"நாங்கதாண்ணா. ஒக்காந்து யோசிச்சோம்."

அவன் மடலை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன, என் பெயர் இல்லை. இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று எழுந்தேவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்து, இன்னும் கீழே பார்த்தேன். எறும்பு எழுத்தில் சுங்குவார்சத்திரம் முகவரி. அதை ஒட்டி, அதே பொடி எழுத்தில், 'பஸ் ஹாரன் வரிகள்' என்று போட்டு என் பெயர்.

அச்சடித்து வாங்கி வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. நான் மறுபடி உட்கார்ந்து ரசம் கேட்டேன்.

"இன்னாண்ணா, மடல் நல்லாகீதா?" என்றான் அவன்.

"கடைசி வரி ரொம்ப நல்லாகீது" என்றேன்.