மேஜர் சாரின் குளியல்

ஸ்ரீராம்புரம் முனிராஜுக்கு நாய் என்றால் குலை நடுங்கும். அப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டும் தொழிலில் இறங்கியதற்கு அவர் மனைவி ஷில்பாதான் காரணம். அதுவரை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"கார் வெச்சிருக்கறவங்க பாதிப் பேர் நாயும் வெச்சிருக்காங்க. பைப்பும் பக்கெட்டும் நம்மகிட்ட இருக்கு. அப்புறம் என்ன யோசனை?" என்றார் ஷில்பா.

பயமாயிருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல வெட்கம். பழைய ஆட்டோ ஒன்றில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் அழைப்பு, அவர் கார் கழுவிய குடியிருப்பு ஒன்றில் இருந்த நிருபமா மேடத்தின் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய லாப்ரடாருக்கு மேஜர் என்று பெயர். கன்றுக்குட்டி அளவு இருந்தது. பார்த்ததுமே முனிராஜின் வாயில் மரியாதை தானாக வந்துவிட்டது.

"வணக்கம் மேஜர் சார். கொஞ்சம் இப்படி வர்றீங்களா? காதுல தண்ணி போகாம பார்த்துக்கறேன் சார்."

கை நடுங்கியதில் நுரை அமோகமாக வந்தது. மேஜர் கண்ணை மூடிச் சொக்கி நின்றது. பிறகு அன்பு பொங்கி முனிராஜின் கன்னத்தை ஒரு நக்கு நக்கியது.

"ஐயோ அம்மா!" என்று குழாயைப் போட்டுவிட்டு ஓடினார். இது ஏதோ விளையாட்டு என்று மேஜரும் நுரையோடு துரத்தியது. குடியிருப்பை இரண்டு சுற்று சுற்றியபின் முனிராஜ் ஆட்டோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நிருபமா பதறி வந்து கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். "ஏனாயித்து முனிராஜ்? என்ன ஆச்சு?"

முனிராஜ் இரண்டு பொய்களை யோசித்துப் பார்த்தார். இரண்டும் வாய்க்கு வரவில்லை. "எனக்கு நாய்னா ரொம்ப பயம் மேடம்."

"அப்புறம் ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?"

"பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல. நீங்க சாரைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா மிச்ச சோப்பை அலசிடுவேன். பாதியில விட்டா அவருக்கு அரிக்கும்."

நிருபமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முனிராஜ் இறங்கி வந்து, வால் நுனிவரை அலசித் துடைத்துவிட்டே போனார். அடுத்த ஞாயிறு சொன்ன நேரத்துக்கு மறுபடி வந்து நின்றார்.

கதை குடியிருப்பு முழுக்கப் பரவியது. நாயை 'சார்' போட்டுக் கூப்பிடும் ஆளை வேடிக்கை பார்க்கவே ஆறு வீடுகளில் அழைத்தார்கள். அழைத்தவர்கள் அவரை விடவேயில்லை. விஷயம் ஷில்பாவின் காதுக்கும் எட்டியது. "பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்க வீட்டு நாய்க்குப் பயந்து காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதிச்ச ஆளுதானே நீங்க? எனக்குத் தெரியாதா?" என்றார்.

இப்போது முனிராஜுக்கு மூன்று ஆட்டோக்கள் ஓடுகின்றன. நாய்களுக்காக உயிரை விடும் நரேஷ் என்ற நாற்பது வயதுக்காரரை வேலைக்குச் சேர்த்திருக்கிறார். முதல் நாளே நரேஷ் ஒரு பொமரேனியனை "வாடி குட்டி" என்று கூப்பிட, முனிராஜ் பதறிவிட்டார்.

"அவங்க மேடம்பா! முதல்ல மன்னிப்புக் கேளு."

நரேஷ் கைகூப்பிக் கேட்டார். பொமரேனியன் தும்மியது. மன்னித்துவிட்டதா இல்லையா என்று இருவரும் சற்று நேரம் யோசித்தார்கள். பிறகு ஷாம்பூவைக் கலக்க ஆரம்பித்தார்கள்.