இருபத்தொன்பது நாள் மூத்தவள்

அன்னூருக்குக் கிழக்கே பண்ணைக் கூலி வேலை பார்த்த சுப்பையனுக்கும் மாரியாத்தாளுக்கும் ஒரே மகள் அன்புச்செல்வி. ஐந்தடி ஒன்பது அங்குல உயரம். பள்ளியில் ஈட்டி எறிந்து பேர் வாங்கி, அந்தத் தகுதியிலேயே கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். பெண்களுக்கும் கிரிக்கெட் உண்டென்று அங்கே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். இரண்டாம் வருடமே மாநில அணியின் புதுப்பந்து அவள் கைக்கு வந்துவிட்டது.

ஆறு வருடம் ஆடினாள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இரண்டு நாள் பயணம். போன ஊரில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தூங்க வேண்டும். பதினோரு பேருக்கும் காலில் கட்ட மூன்று ஜோடி பேடு. சம்பளம் என்று எதுவும் கிடையாது. ஊர் திரும்பியதும் அன்னூர் நூற்பாலையில் அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு நிற்பாள். "மறுபடியும் லீவுங்களா அம்மணி? அடுத்த தடவை வேற ஆளப் போட்டுருவனுங்க" என்பார் மேஸ்திரி, கோபமே இல்லாமல்.

பெண் கிரிக்கெட்காரிகளுக்கு வேலை கொடுத்து ஆடவும் விட்ட இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ரயில்வே மட்டும்தான். 1995 ஜூலையில் மெட்ராஸில் ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவள் யுஸ்ரா. கோட்டைமேட்டுச் செருப்புக்கடை ஷேக் பரீதின் மகள், மாநில அணியின் விக்கெட் கீப்பர், அன்புச்செல்வியைவிட நான்கு வயது இளையவள். இருவரும் சேர்ந்தே போனார்கள்.

தேர்வு நாள் காலை அன்புச்செல்வி பந்து போட்டதைப் போல அவள் வேறெங்கும் போட்டதில்லை. முதல் ஓவரிலேயே ஒருத்தியின் நடு ஸ்டம்ப் மல்லாந்தது. ஆறு ஓவர் முடிந்ததும் தேர்வாளர் ஒருவர் குடையை மடக்கிவிட்டு எழுந்து வந்து பார்த்தார். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இரண்டாவது. யுஸ்ரா பெயர் ஐந்தாவது.

மறுநாள் சான்றிதழ் பார்த்தார்கள். குமாஸ்தா அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை இரண்டு முறை திருப்பினார்.

"ஜூன் ரெண்டு, எழுபது. ஜூலை ஒண்ணாந்தேதி அன்னிக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாதும்மா. உனக்கு இருபத்தொன்பது நாள் கூட."

"சார், நான் கார்த்திகையில பொறந்தவளுங்க. எங்கம்மாவக் கேட்டா சொல்லுவாங்க."

"அம்மா சொன்னா ஆகாதும்மா. காயிதம் வேணும். பத்து நாள் டைம் தர்றேன்."

ஜூன் ரெண்டு எப்படி வந்தது என்று ஊருக்கு வந்து கேட்டபோது சுப்பையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல சேக்கப் போனன்னிக்கு வாத்தியாரு உன்ற கையத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொன்னாரு. உனக்குக் கை நீளம், தொட்டுப்போட்டே. அஞ்சு முடிஞ்சுதுன்னு அவரே ஒரு தேதி எழுதிக்கிட்டாரு. நாலரைதான்னு எனக்குத் தெரியும் கண்ணு. பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போடுவாங்களேன்னு வாயத் தொறக்காம வந்துட்டேன்."

அவர்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. கோபம் வந்திருந்தால்கூட அது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து மகளும் தகப்பனும் அலைந்தார்கள். அந்த வாத்தியார் இறந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. புதிய தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, "பத்தாவது முடிச்ச பொறகு தேதிய மாத்த எனக்கு அதிகாரமில்லீங்க" என்றார். தாலுகா ஆபீஸில் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். எழுபதாம் வருடம், கார்த்திகை மாதம், 'பெண் குழந்தை, தகப்பன் சுப்பையன், கூலி' என்று ஒரு வரி இருக்கத்தான் இருந்தது. அன்புச்செல்வி அதன்மேல் விரலை வைத்தபடி நின்றாள்.

"இதுல பேரில்லீங்களே அம்மணி" என்றார் எழுத்தர். "உங்க ஊர்ல அப்ப சுப்பையன் எத்தன பேருங்க?"

சுப்பையன் தரையைப் பார்த்தார். "நாலு பேருங்க."

பிரசவம் பார்த்த பாப்பாயி பஸ் ஏறி வந்து, அன்றைக்கு அடைமழை என்றும் தொப்புள்கொடியைத் தானே அறுத்ததாகவும் அதே எழுத்தரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோர்ட்டுக்குப் போனால் மாற்றலாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்றார். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரிடமும் சண்டை போட முடியவில்லை. பத்தாம் நாள் வந்தது, போனது.

யுஸ்ரா வேலையில் சேரக் கிளம்பிய அன்று அன்புச்செல்வி கோயமுத்தூர் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"நீங்க இல்லாம நான் போகலைங்க அக்கா. வாப்பாகிட்ட சொல்லிப்போட்டேன்."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. ஏறு."

"உங்க எடத்துல யாரோ போறாளே..."

"அவளும் நல்லாத்தான் போட்டா. ஏறு யுஸ்ரா."

பெட்டி படுக்கையை அவளே தூக்கி உள்ளே வைத்தாள். வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டியும் போன பின்பு, பிளாட்பாரத்தில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள்.

அந்தத் தை மாதம் வடக்கே நடந்த போட்டியில் மாநில அணிக்கு ரயில்வே அணி எதிரியாக வந்தது. அவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி ஸ்வெட்டர். குளிரில் விரல் மரத்தும் அன்புச்செல்வி பத்து ஓவர் போட்டு நான்கு விக்கெட் எடுத்தாள். அதில் ஒன்று யுஸ்ரா. அவுட்டாகிப் போகிற வழியில் யுஸ்ரா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஆனாலும் மாநில அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் ரயில்வே அணியோடு வந்த தமிழ் அதிகாரி ஒருவர் தேடி வந்தார்.

"பிரமாதமாப் போடறியேம்மா! நீ ஏன் எங்ககிட்ட டிரையலுக்கு வரலே?"

என்ன சொல்வது என்று யோசித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமப் போச்சுங்க சார்" என்றாள்.

"அடடா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுவிட்டு அவர் போனார். அன்புச்செல்வி குனிந்து, அணிக்குச் சொந்தமான மூன்று ஜோடி பேடுகளையும் மூட்டையில் கட்டத் தொடங்கினாள்.