குத்தாத ரோஸ் சீட்டு

ஓட்டு விசயத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு வாய் நிக்காது. அதனாலேயே வீட்டுல யாரும் என்கிட்ட அந்தப் பேச்சை எடுக்கிறதில்ல. இப்ப நானே எடுக்கிறேன்.

திருத்தங்கல்ல ஒரு பிரஸ்ஸுல பைண்டிங் பக்கம் வேலை பாக்குறேன். காலண்டர் சீசன்ல காலண்டர், மத்த நேரத்துல பட்டாசுப் பெட்டி லேபிள். உள்ளாட்சித் தேர்தல் வந்துட்டா எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு நோட்டீஸ் ஆர்டர்தான். கட்டுக் கட்டா அடுக்குறப்ப வாசிக்காம இருக்க முடியுமா? வார்டு மெம்பருக்கு நிக்கிற ஒரு மனுசன் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கட்டித் தாறேன்னு போட்டிருந்தாரு. இன்னொருத்தர் பட்டாசுக்கு வரியைக் குறைக்கப் போறாராம். ஏம்ப்பா, உன் வார்டே ரெண்டு தெரு, நாலு லைட்டு. அது எரியுதான்னு மொதல்ல பாரு! பக்கத்துல நின்ன அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரல, பத்திக்கிட்டு வந்துச்சு. எந்தப் பதவிக்கு என்ன வேலைன்னு நிக்கிறவனுக்கும் தெரியல, ஓட்டுப் போடுறவனுக்கும் தெரியல. தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேரு அதை வச்சுப் பொழைக்கிறாங்க.

எங்க வீடு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊருல. ஊருக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல ஓடை. ரெண்டு சிமெண்டுக் குழாயைப் போட்டு மேல மண்ணைக் கொட்டி வச்சிருக்காங்க, அதுக்குப் பேரு பாதை. ஐப்பசியில சேந்தாப்ல மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு பாதையே இருக்காது. வெடி ஆபீஸ் வேன், அதான் பட்டாசுக் கம்பெனி வேன், அந்தக் கரையிலயே ஆரன் அடிச்சிட்டு நிக்கும். பொம்பளைக சேலையைத் தூக்கிச் செருகிட்டு, சாப்பாட்டு வாளியைத் தலையில வச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்குவாக. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். எங்க மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரோட அப்பாவுக்கு, இளைப்பு. வெடி ஆபீஸ்ல மருந்து கலக்குற ரூம்லயே காலம் பூராக் கழிச்சவரு. மழைக்காலம் வந்தா மூச்சு கெடந்து இழுக்கும். ஆஸ்பத்திரி சிவகாசியில. ஆம்புலன்ஸு எங்க வாசலுக்கு வரணும்னா ஓடையைத் தாண்டணும். ஒரு சின்னப் பாலம் இருந்தாப் போதும், மனுசன் பொழைச்சுக்குவாரு. நான் கேட்டது அம்புட்டுத்தான்.

அதை யாரு கட்டணும்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள என் செருப்பு தேஞ்சு போச்சு. ஒரு திங்கக்கிழமை லீவு போட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்ல மனுக் கொடுத்தேன். அது யூனியன் ஆபீஸுக்கு வந்துச்சு. எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தப்ப வண்டியை மறிச்சுக் கேட்டேன். எல்லாரும் ஒரே பாட்டு. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லு, மத்ததை அப்புறம் பாக்கலாம். யூனியன் ஆபீஸ் கிளார்க்குதான் பொறுமையாச் சொன்னாரு. "ஏம்மா, மேல எம்புட்டுப் பேரைப் பாத்தாலும் காயிதம் கீழ உங்க ஊருக்குத்தான் வரும். உங்க தலைவர் கையெழுத்தில்லாம ஒரு செங்கல் நகராது." தலைவரோ ஓடைக்கு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு. எங்க தெரு அவருக்கு ஓட்டுப் போடலைங்கிற கோவம். அப்ப அடுத்த தேர்தல்ல தலைவரை மாத்தணும். வேற வழி கிடையாது.

அந்தத் தேர்தல்ல எங்க பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. தலைவர் என்ன செஞ்சாரு? சம்சாரத்தை நிறுத்தினாரு. அந்தம்மா வீட்டை விட்டு வெளிய வந்து கும்பிடக்கூட இல்ல. போஸ்டர்ல அந்தம்மா முகத்தைவிட இவரு மீசைதான் பெருசா இருந்துச்சு. எங்க தெருவுல இருந்து மகளிர் குழுத் தலைவியை நிறுத்தினோம். என்னைவிடச் சின்னவ, வெடி ஆபீஸ்ல திரி வைக்கிற வேலை. புருசன் கிடையாது, ஒரு மக. அவளுக்குப் பூட்டு சாவி சின்னம், அந்தம்மாவுக்கு ஆட்டோ.

கிராமத்துல இந்தத் தேர்தலுக்கு ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு ரோஸ், யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலயும் மஞ்சள்லயும் கட்சிச் சின்னம் இருக்கும். வெள்ளையிலயும் ரோஸ்லயும் கட்சியே கிடையாது. இதை நான் வீடு வீடாப் போயிச் சொன்னேன். தொண்டை கட்டிப் போச்சு. எங்க மாமாகிட்டயும் சொன்னேன். "மாமா, ரோஸ் சீட்டுதான் நமக்குப் பாலம். பூட்டு சாவியைப் பாத்துக் குத்துங்க." அவரு கையில கட்சிச் சின்னத்தைப் பச்சை குத்தின மனுசன். "சரித்தா, சரித்தா"ன்னு தலையாட்டினாரு.

ஓட்டு எண்ண அவளுக்கு ஏஜெண்டா நான்தான் போனேன். யூனியன்ல இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துல வச்சு எண்ணுனாங்க. பெட்டியைக் கவுத்து, கலர் கலராப் பிரிச்சாங்க. பச்சையும் மஞ்சளும் சரசரன்னு போச்சு. அப்புறம் ரோஸ். ஒரு சீட்டை விரிக்காங்க, பூட்டு சாவி. அடுத்தது, ஆட்டோ. அடுத்ததை விரிச்சா ஒண்ணுமே இல்ல. ஒரு முத்திரை, ஒரு கோடு, ஒண்ணுமே இல்ல. ஆபீசர் என்கிட்ட தூக்கிக் காட்டி "செல்லாது"ன்னு தனியா வச்சாரு. இன்னொண்ணும் அப்படியே. "செல்லாது." கைக்கு அடக்கமில்லாமச் சேந்துபோச்சு அந்த வெறுஞ்சீட்டு. அதுல கால்வாசி எங்களுக்கு விழுந்திருந்தாலும் ஜெயிச்சிருப்போம். அந்தம்மா ஜெயிச்சிருச்சு. வாசல்ல மாலையை வாங்கிப் போட்டுக்கிட்டது அது புருசன்.

வீட்டுக்கு வந்தா மாமா சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நம்ம ஆளுகளே நெறையப் பேரு வெறுஞ்சீட்டா மடிச்சுப் போட்டுருக்காக மாமான்னு சொல்லி முடிக்கல. மனுசன் பெருமையாச் சொல்றாரு:

"நானும்தான்த்தா போட்டேன். ரோஸையும் வெள்ளையையும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், நம்ம சின்னத்தைக் காணோம். கண்ட சின்னத்துல நான் எதுக்குக் குத்துறேன்? மடிச்சுப் போட்டுட்டேன். தம்பி அப்படித்தான் சொன்னான்."

"எந்தத் தம்பி?"

"நம்ம கிளைச் செயலாளர் தம்பி. நம்ம சின்னம் இல்லாத சீட்டுல குத்துனா அது கட்சிக்குத் துரோகம்னு எங்க வயசாளுக அம்புட்டுப் பேரையும் உக்கார வச்சுச் சொன்னான்ல."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. அந்தக் கிளைச் செயலாளர் யாரு தெரியுமா? ஜெயிச்ச அந்தம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி! ஓடைக்கு அந்தப் பக்கம் போயி எல்லாரையும் ஆட்டோவுல குத்தச் சொன்னவன், எங்க தெருவுக்கு வந்து துரோகம்னு சொல்லிருக்கான். எங்க கிழடுகளும் கேட்டுச்சுக. அவரு பக்கத்துல கெடந்த கரண்டியை எடுத்துச் சுவத்துல விட்டெறிஞ்சேன். "உங்க மூச்சுக்குத்தான மாமா பாலம் கேட்டேன்? உங்க கையாலயே கெடுத்துட்டீகளே!"ன்னு கத்துனேன். அவருக்கு அப்பவும் புரியல. கட்சிக்கு உண்மையா இருந்ததுக்கு எதுக்கு இந்த மருமக ஆடுறான்னு என் வீட்டுக்காரரைப் பாத்தாரு.

தோத்தவளுக்கு அதுக்கப்புறம் வேன்ல இடமில்லேன்னு சொல்லிட்டாங்க. நடந்து போனா, ஆபீஸ்ல வேலை இல்லேன்னாங்க. தலைவரை எதுத்து நின்னவளுக்கு எவன் வேலை கொடுப்பான்? ஒரு சாக்குல பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு, மகளைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போயிட்டா. அந்தம்மா பதவியில இருந்த காலம் பூரா ஓடைக்கு அந்தப் பக்கம் கல்லுப் பதிச்ச தெரு, கலர் பெயிண்டு அடிச்ச ஆர்ச்சு. எங்க பக்கம் அதே மண்ணு. இப்ப அந்தப் பதவிக்காலமும் முடிஞ்சு, அடுத்த தேர்தல் வர்ற வரைக்கும் தனி அலுவலர்னு ஒருத்தரு பாக்குறாரு. அவருக்கு எங்க தெரு எங்கன இருக்குன்னே தெரியாது.

போன ஐப்பசியில விடியக்காலம் மாமாவுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. உதடு கறுத்துப் போச்சு. ஆம்புலன்ஸு வந்து அந்தக் கரையில நிக்குது. நடுவுல தண்ணி மார்பளவுக்கு ஓடுது. பிளாஸ்டிக் சேர்ல அவரை உக்கார வச்சு, என் வீட்டுக்காரரும் தெரு ஆளுகளும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இறங்குனாக. சேரோட ஒரு கால் ஒடிஞ்சு அவரு சரிஞ்சாரு. பாதித் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்சவரைத்தான் அந்தப் பக்கம் கொண்டு சேத்தாங்க. பொழைச்சாரு. ஆனா அன்னைக்கு மூக்குல மாட்டுன ஆக்ஸிஜனை இன்னும் கழட்டல. படுக்கையை விட்டு எந்திரிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக.

ஆஸ்பத்திரிக்குக் கிளைச் செயலாளர் வந்தான், ஒரு பை ஆப்பிளோட. "கவலைப்படாதீக அண்ணாச்சி, பாலத்துக்கு எம்.எல்.ஏ. கிட்ட பேசிட்டேன்"ங்கான்.

மாமா மாஸ்க்கை விலக்குனாரு. "எம்.எல்.ஏ. எதுக்குலே? உங்க அக்கா போட்டிருக்க வேண்டிய தீர்மானந்தானே?"

அவன் முகம் போன போக்கைப் பாக்கணும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி, உடம்பைப் பாருங்க"ன்னான். ஆப்பிள் பையை அவன் கையிலயே திணிச்சு, வார்டு பூராவும் திரும்பிப் பாக்க, "இவரு மூச்சை வித்துத்தான உங்க அக்காவுக்கு நாற்காலி வாங்குன, போடா வெளிய!"ன்னேன். போயிட்டான்.

கொஞ்ச நேரம் கழிச்சு மாமா சொன்னாரு. "ஏத்தா, திருப்பூருக்குப் போன அந்தப் பிள்ளைக்குப் போன் போடு. அடுத்த தேர்தல்ல நிக்கச் சொல்லு. என்னையக் கட்டிலோட தூக்கிட்டுப் போயாவது குத்த வையுங்க."

போட்டேன். பின்னால தையல் மிசின் சத்தம் கேக்குது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டுச் சொன்னா, "அக்கா, அங்கன நிக்கணும்னா அங்கன ஓட்டு இருக்கணும்ல. நான் பேரை இங்க மாத்திட்டேனே."

மாமா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. "என்னத்தா சொல்லுறா? நிப்பாளாமா?"

"அவளுக்கு நம்ம ஊருல ஓட்டே இல்ல மாமா."

அவரு மாஸ்க்கை எடுத்து மூக்குல வச்சுக்கிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.